எந்த மிஷினுக்குப் பொட்டு வைக்கட்டுங்?

உக்காருங்கண்ணா, உக்காருங்க. கூடையைக் காலுக்கடியில தள்ளிக்குங்க, நான் நகந்துக்கறேன். இந்தப் பையா? மேல வைக்க வேண்டாமுங்க, என்ற மடியிலயே இருக்கட்டும். உள்ள பெருசா ஒண்ணுமில்லை. ஆப்பிளு, சாத்துக்குடி, வெத்தலை பாக்கு, அப்புறம் ஒரு மெத்தை. படுக்கிற மெத்தை இல்லைங்க. பனியன் கம்பெனியில மிஷினு முன்னால ஸ்டூல்ல உக்காந்து தைக்கிறாங்கல்ல, அந்த ஸ்டூலு மேல போட்டுக்கிறது. வேஸ்ட்டுத் துணியை உள்ள அடைச்சு, குழந்தைங்க பனியனுக்கு வந்த வாத்துப் படம் போட்ட துணியில எங்க கம்பெனிப் பொண்ணு ஒருத்தி தைச்சிருக்கா. பாருங்க, நாலு மூலையும் எப்படி நிக்குதுன்னு. கை அப்படிங்க அவளுக்கு.

நீங்க ஒட்டன்சத்திரமுங்களா? தாராபுரம் சந்தைக்குக் காய் போட்டுட்டுத் திரும்பறீங்களாக்கும். நல்லதுங்க. நான் கள்ளிமந்தயத்துல பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ள ஒரு ஊருக்குப் போகணும். ஊட்ல பழனிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எம்பொண்டாட்டி அதை நெசம்னு நம்பிட்டு, உண்டியல்ல போடச் சொல்லி மஞ்சத் துணியில காசு முடிஞ்சு குடுத்திருக்கா. அதும் இந்தப் பைக்குள்ளதான் கிடக்குது. அந்த ஆண்டவனும் என்னையப் பாத்துச் சிரிப்பான்.

என்ற பேரு சென்னியப்பன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு மேனேஜரு. கம்பெனி பேரு எதுக்குங்க, விடுங்க. கட்டிங்குல துணி பண்டல் தூக்கிட்டிருந்தவன், மேனேஜர் சீட்டு வரைக்கும் வந்திருக்கேன். வேற ஒரு கம்பெனி வாசப்படி மிதிச்சதில்லை. வர்ற திங்கக்கிழமை தையல் லைன் ஓடலைன்னா இந்த வாசப்படியும் எனக்கு இல்லைங்க. அம்பதைத் தாண்டினவனை எவன் சேத்துவான், சொல்லுங்க? கணக்குப் பிள்ளையாக் கூட வெக்க மாட்டான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, நெஞ்சுக்குள்ள மிஷினு ஓடற சத்தமே கேட்டுட்டிருக்குது. ஆனா நெசத்துல மிஷினு நின்னு கிடக்குது.

நாகஜோதின்னு ஒரு பொண்ணுங்க. பொண்ணுன்னா, அவ பையனே காலேஜு போறான். எங்க கம்பெனியில காலர் தைக்கிறவ. கழுத்துப்பட்டி தைக்கிறது லேசுப்பட்ட காரியமில்லைங்க. இழுத்துத் தைச்சாச் சுருங்கும், விட்டுத் தைச்சாத் தொங்கும், வெளிநாட்டுக்காரன் பெட்டியைப் பிரிச்சதும் அதைத்தான் மொதல்ல பாப்பான். அவ தைச்சது எதும் திரும்பி வந்ததில்லை. தீவாளி நோம்பிக்கு ஊருக்குப் போனவ வரலைங்க. அவ ஒருத்தி வரலைன்னாக் கூடச் சமாளிச்சிருப்பேன். அவ லைன்ல உக்காந்த அத்தனை புள்ளைங்களும் ஒட்டுக்கா வரலை. போனைப் போட்டா அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாளுக.

தீவாளி போனஸை வாங்கிட்டு அப்படியே வேற கம்பெனிக்குப் போறது திருப்பூருக்குப் புதுசில்லைங்க. ஆனா எங்ககிட்ட அப்படி ஆனதில்லை. ஏன்னா நான் நடத்துன விதம் அப்படி. எந்த மீட்டிங்கு போட்டாலும் மொத வார்த்தை அதுதான் சொல்லுவேன், அம்மணிகளா, இது கம்பெனி இல்லை, குடும்பம்னு.

குடும்பம்னாக் கண்டிப்பு வேணுமில்லீங்களா? போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்குவோம். சாயங்காலம் போறப்ப பையைத் தொறந்து காட்டணும், டிபன் டப்பா மொதக்கொண்டு. ஒரு நூலு வெளிய போகக்கூடாது. இத்தனை வருசத்துல ஒருத்தியும் திருடினதில்லைங்க, அதையும் சொல்லிடறேன். ஏன் திருடலை? செக் பண்ணினோமே, அதனாலதான்.

அப்புறம் நம்பிக்கை. மனுசனுக்கு நம்பிக்கை குடுக்கோணுமுங்க, அது இல்லாம எவனும் வேலை செய்ய மாட்டான். நான் ஒவ்வொருத்தியையும் தனியாக் கூப்பிட்டு, "அம்மணி, இந்த ஃப்ளோர்ல உன்னைய மட்டுந்தான் நான் நம்பறேன், நீதான் என்ற கண்ணு, காது, எவ என்ன பேசறான்னு வந்து சொல்லு"ன்னு சொல்லி வெச்சேன். அத்தனை பேருகிட்டயுந்தான். அப்புறம் எங்க வாட்ச்மேன் மாரப்பன் சொல்லித்தான் தெரியுது, சோத்து நேரத்துல வட்டமா உக்காந்துக்கிட்டு, "ஏண்டி, நேத்து நீ காது, இன்னைக்கு ஆருடி கண்ணு?"ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாளுகளாம். சிரிக்கிறதுக்கு இவளுகளுக்கு எங்கிருந்து நேரம் கிடைக்குதுன்னு ரோசனை பண்ணி, சோத்து நேரத்தைக் கொறைச்சேன்.

நாகஜோதி மட்டும் வந்து எதும் சொன்னதில்லை. "நீயாச்சும் சொல்லு அம்மணி"ன்னா, "என்னத்தைச் சொல்றது சார், எல்லாரும் தைக்கிறாங்க"ன்னுட்டுப் போயிருவா. அழுத்தக்காரி.

ஒருக்கா அவ சூப்பர்வைசர் வேலை கேட்டா. பழைய ஆளு வேலையை விட்டு நின்னுட்டான். "சார், லைன் எனக்குப் பழக்கம், எனக்குக் குடுத்துப் பாருங்க"ன்னா. நான் இல்லைன்னு சொல்லலைங்க. நான் யாருக்குமே இல்லைன்னு சொன்னதில்லை, அந்த வார்த்தையே என்ற வாயில வராது. "பாக்கலாம் அம்மணி"ன்னேன். அடுத்த நோம்பிக்கும் கேட்டா, பாக்கலாம்னேன். ஒருத்தர் மனசு நோகாம பதில் சொல்ல அதை விட்டா வேற என்ன வார்த்தை இருக்குது? ஏனுங்க, காலர் தைக்கிறவளை எழுப்பி நிக்க வெச்சுட்டாக் காலரை ஆரு தைக்கிறது? பால் கறக்கிற மாட்டை ஏர்ல பூட்டுவாங்களா? நீங்க தோட்டங்காடு வெச்சிருக்கிறவரு, நீங்களே சொல்லுங்க.

டிப்ளமா படிச்ச பையன் ஒருத்தனைக் கொண்டாந்து சூப்பர்வைசராப் போட்டேன். அவனுக்கு லைன் வேலையைப் பழக்கிக் குடுத்தது அவதான். முகம் சுளிக்கலைங்க. அதைப் பாத்து எனக்கு அப்படியொரு பெருமை, என்ன மனசுடா இந்தப் பொண்ணுக்குன்னு. அதே மாதிரி சோத்து நேரத்துல, துணி எடுத்துக் குடுக்கிற கைமடிப் புள்ளைங்களைக் கூட்டி வெச்சுக் காலர் போடச் சொல்லிக் குடுத்துட்டிருந்தா. அதை நிறுத்தச் சொல்லிட்டேன். ஆளாளுக்குக் காலர் கத்துக்கிட்டா ஆளாளுக்குக் காலர் கூலி கேப்பாளுகல்ல. இன்னைக்குப் பாருங்க, அவளும் அவ லைனும் போனதும் எங்க கம்பெனியில காலர் போட ஒரு நாதியில்லை. மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா, மிச்சம் இருக்கிறவளுகள்ல ஒருத்திக்காச்சும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்க மாட்டா?

ஆடி மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஓட்டல்ல ட்ரெய்னிங்கு. மொதலாளி அனுப்பிச்சார். ஏசி ரூமு, கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தர் நின்னு பேசினார். ஒரே ஆளை ஒரே வேலையில கட்டிப் போடாதீங்க, எல்லாரையும் மாத்தி மாத்தி உக்கார வெச்சு எல்லா வேலையும் பழக்குங்கன்னார். நல்ல யோசனைதானுங்க. ஆனா வேலை பழக்கறதுன்னா நேரம் புடிக்கும், பீஸு கெடும். அதனால நான் வேலையை மாத்தலை, மிஷினை மட்டும் மாத்தினேன். காலர்க்காரி காலர்தான் தைப்பா, ஆனா இன்னைக்கு இந்த மிஷினு, நாளைக்கு அந்தக் கோடி மிஷினு. பக்கத்துப் பக்கத்துல அதே ஆளுக உக்காந்தாத்தானே பேச்சு வளரும்?

தினமும் ஆள் மாறுறதுனால மிஷினு மேல ஒட்டியிருந்த சாமி படம், புள்ளைங்க போட்டோ எல்லாத்தையும் கிழிக்கச் சொன்னேன். மெத்தைகளைச் சாக்குல போட்டுக் கட்டி குடோன்ல எறிஞ்சாச்சு. நாகஜோதி வந்தா. "சார், நான் கம்பெனிக்கு வந்த நாள்ல இருந்து உக்காந்த மிஷினுங் சார்"ன்னா. "எல்லாம் கம்பெனி மிஷினுதான் அம்மணி, உன்றது என்றதுன்னு ஒண்ணுமில்லை"ன்னேன். தப்பாங்க? உள்ளதைத்தானே சொன்னேன்?

அப்புறந்தான் ஆயுத பூசை வந்துது. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு அதைவிடப் பெரிய நோம்பி கிடையாதுங்க. அவங்கவங்க மிஷினை அவங்கவங்க தொடைச்சு, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூ சுத்தி விடுவாங்க. தன்ற மிஷினுக்கு வேற ஒருத்தி பொட்டு வெச்சாச் சண்டைக்கே போயிருவாளுக. மொதலாளி குடும்பத்தோட வந்து பூசணிக்காய் சுத்தி உடைப்பார். பொரி, சுண்டல், ஆளுக்கொரு சீலை. நான் ஏற்பாடு எல்லாம் ஜம்முன்னு பண்ணியிருந்தேன்.

மொதலாளி வந்துட்டார். மொதலாளியம்மா பட்டுச் சீலையில வந்து நிக்கறாங்க. நம்ம புள்ளைங்க எல்லாம் கையில குங்குமத்தை வெச்சுக்கிட்டு செவுத்தோரமா நிக்கறாளுக. ஒருத்தியும் நகரலை. மிஷினு ஒண்ணுல பொட்டில்லை, பூவில்லை. மொதலாளி என்னையப் பாக்கறார். "ம், ஆகட்டும் அம்மணிகளா"ங்கறேன். அசையலைங்க. அப்ப நாகஜோதி மெதுவா, மரியாதையாத்தான் கேட்டா, "எந்த மிஷினுக்குப் பொட்டு வைக்கட்டுங் சார்?"

"ஏதோ ஒண்ணுக்கு வை அம்மணி, நேரமாகுது"ன்னேன். அவ இடுப்புல சொருகியிருந்த நூல் வெட்டற சின்னக் கத்திரியை எடுத்தா. அது அவ சொந்தக் காசுல வாங்குனது. உள்ளங்கையில வெச்சு அதுக்குப் பொட்டு வெச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டா. அவ்வளவுதான். அத்தனை பேரும் அவங்கவங்க கத்திரியை எடுத்தாளுக.

மொதலாளியம்மா மூஞ்சி செத்துப் போச்சு. "என்னங்க இது, நல்ல நாளும் அதுவுமா மிஷினெல்லாம் மொட்டையா நிக்குது"ங்கறாங்க. நான் ஓடிப் போய்க் குங்குமக் கிண்ணத்தை வாங்கி, ஒவ்வொரு மிஷினா நானே வெச்சேன். ஒவ்வொரு மிஷினா. அத்தனை பேரும் நின்னு பாத்துட்டிருக்காங்க. குங்குமம் சட்டையெல்லாம் கொட்டுது. ஒருத்தி கூட வந்து "குடுங்க சார், நான் வெக்கறேன்"னு வாங்கலைங்க. நான் அவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? கூடப் பொறந்த பொறப்பா நினைச்சேனே.

தீவாளிக்கு ஊருக்குப் போற அன்னைக்கு நாகஜோதி மூட்டையோட வந்து நின்னா. "போறேன் சார்"ன்னா. "நல்ல நாளும் பொழுதுமாப் போறேன்னு சொல்லக்கூடாது அம்மணி, போயிட்டு வர்றேன்னு சொல்லு"ன்னேன். சிரிச்சா. சிரிச்சுட்டுப் போயிட்டா, சொல்லலை. நானும் வேலை மும்முரத்துல கவனிக்கலைங்க.

இப்ப என்னன்னா, ஒட்டன்சத்திரத்துக்கிட்ட ஒரு புதுக் கம்பெனி வந்திருக்குதாமே, உங்களுக்குத் தெரியுமா? அங்க அவளைச் சூப்பர்வைசராக் கூப்பிட்டிருக்காங்களாம். அவ இன்னும் வாக்குக் குடுக்கலையாம். அவ எங்க போறாளோ அங்கதான் மத்தவளுகளும் போவாளுகளாம். இதெல்லாம் மாரப்பன் சொன்னது. அதனாலதான் இன்னைக்கே ஓடறேன். அவ சரின்னு சொல்லிட்டா நான் செத்தேன்.

காலையில மொதலாளிகிட்டப் போய் நின்னேன். ஷிப்மெண்ட்டு நிக்குது, மனுசன் மூஞ்சியே பாக்க மாட்டேங்கறார். "போ, போய்க் கூட்டிட்டு வா. அந்தப் பொண்ணு என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிட்டு வா. சூப்பர்வைசரா, குடு. என்ன வேணும்னாலும் குடு"ன்னுட்டார். எனக்கு உசுரு வந்துச்சு. "அவங்களைக் கூட்டிட்டு வந்துட்டா என்ற வேலைக்கு ஒண்ணும் பங்கம் வராதுங்களே?"ன்னு கேட்டேன். அவரு போனைப் பாத்துக்கிட்டே, "பாக்கலாம் சென்னியப்பா"ன்னார்.

அண்ணா, பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருசம் நாயா உழைச்சவன்கிட்டச் சொல்ற வார்த்தையா அது? ஆகும்னு சொல்லு, இல்லை ஆகாதுன்னு சொல்லு. நடுவுல தொங்க விட்டா மனுசன் எப்படிச் சோறு திங்கிறது?

அதோட போச்சா? குடோனுக்குப் போய்ச் சாக்கைப் பிரிச்சு இந்த மெத்தையைத் தொலாவி எடுத்தேன். அவ பொருளை அவ கையிலயே குடுத்தாக் கொஞ்சம் மனசு இளகும்ல. வாசல்ல மாரப்பன் மறிக்கிறான். "பையைத் தொறங்க சார்"ங்கறான். மேனேஜர் பையையும் பாக்கச் சொல்லி மொதலாளி உத்தரவாம். மெத்தையை எடுத்து வெளிய வெச்சுட்டான். "உள்ள கம்பெனி வேஸ்ட்டு இருக்குதுங் சார், ஒரு நூலு வெளிய போகக்கூடாது, நீங்க போட்ட ரூல்ஸுதான்"ங்கறான். அடுத்த லைன் புள்ளைங்க எல்லாம் பாக்கறாளுக. "ஏண்டா, என்ற மேலயே சந்தேகமா?"ன்னா, "சந்தேகமெல்லாம் இல்லைங் சார், வழக்கம்"ங்கறான். கூனிக் குறுகிப் போயிட்டேனுங்க. ஒரு மனுசன் பையைத் தொறந்து பாக்கறதுன்னா அவனை அம்மணமா நிறுத்தற மாதிரி. அதைச் செய்ய எப்படி மனசு வருது இவங்களுக்கு?

ஆனா மெத்தை வேணுமே. அதைத் தூக்கிக்கிட்டுத் திரும்ப உள்ள போய், பாத்ரூமுல வெச்சு இதைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டேன். புள்ளைத்தாச்சியாட்டம் வயித்தைத் தள்ளிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். மேனேஜருங்க நான். மாரப்பன் என்ற வயித்தைப் பாத்தான். என்ற மூஞ்சியைப் பாத்தான். அப்புறம் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டு, "போயிட்டு வாங்க சார்"ன்னான். தெரிஞ்சே விட்டுட்டான்! லைன் மட்டும் ஓடட்டும், மொத வேலையா அவனைத் தூக்கறேன். இன்னைக்கு என்னைய விட்டவன் நாளைக்கு எவனை விடமாட்டான்?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

சரி விடுங்க. கண்டக்டரே, கள்ளிமந்தயம் வந்துருச்சா? அடுத்த ஸ்டாப்பா? ஐயையோ. அண்ணா, எனக்கொரு ஒத்தாசை பண்ணுங்க. அவ வாசல்ல போய் நின்னு என்ன பேசறதுன்னு தெரியலை. சித்தெ நேரம் நீங்க நாகஜோதியா இருங்க, நான் சொல்லிப் பாத்துக்கறேன். சிரிக்காதீங்க, என்ற பொழப்பே இதுலதான் இருக்குது. நான் வாசல்ல நிக்கறேன், கையில பை. நீங்க பேசுங்க.

என்ன? "வாங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா"வா? ஆமாங்க, அப்படித்தான் கேப்பா. திட்டினாக் கூடப் பரவாயில்லை, அவ தண்ணி கொண்டாந்து குடுப்பா, அதை நினைச்சாத்தான் எனக்குக் கையும் காலும் ஓட மாட்டேங்குது. சரி. தண்ணியைக் குடிச்சுட்டேன். "அம்மணி, நோம்பியெல்லாம் நல்லா ஆச்சா? இந்தா, பையோட வாங்கிக்க, உன்ற மெத்தை. பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன். வா அம்மணி, எல்லாரையும் கூட்டிட்டு வா. நீ இல்லாம கம்பெனி கம்பெனியா இல்லை. உன்ற காலுல வேணாலும்..." இல்லை, காலுல விழறது அப்புறம் பாத்துக்கலாம். இப்ப நீங்க கேளுங்க. அவ என்ன கேப்பா? கேளுங்கண்ணா, எதுன்னாலும் கேளுங்க. எல்லாத்துக்கும் சரின்னு சொல்ல மொதலாளியே சொல்லிட்டார். ஒரு கஷ்டமும் இல்லை.

"நான் வந்தா என்ற பழைய மிஷினு எனக்கேவா சார்? அவங்கவங்க மிஷினு அவங்கவங்களுக்கேவா?"

அதுக்கென்ன அம்மணி, பாக்கலாம்.

இல்லை. இருங்க. இருங்கண்ணா, அது சும்மா வாயில வந்துருச்சு. பழக்கதோசம். வேற கேளுங்க, வேற.

"என்னையச் சூப்பர்வைசர் ஆக்குவீங்களா?"

மொதல்ல நீ வா அம்மணி, வந்ததும் பாக்...

ஐயோ. ஐயோ, அண்ணா. சரின்னு ஒரு வார்த்தைங்க. ரெண்டே எழுத்து. மொதலாளி குடுத்தனுப்பிச்சிருக்கார், என்ற கைக்காசு ஒரு பைசா போகப் போறதில்லை. பின்ன ஏன் வர மாட்டேங்குது? இதையே அவ வாசல்ல போய்ச் சொன்னா அவ சிரிப்பா. அன்னைக்கு மூட்டையோட நின்னு சிரிச்சாளே, அதே மாதிரி சிரிச்சுட்டு, தண்ணிச் சொம்பை வாங்கிட்டு உள்ள போயிருவா.

ஊதாதீங்க கண்டக்டரே, இறங்கறேன், இறங்கறேங்க! கொஞ்சம் நிறுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அண்ணா, பையைக் குடுங்க. இல்லை, பிடிச்சுக்குங்க, குடுக்காதீங்க. இன்னொருக்கா கேளுங்க. மிஷினு எனக்கேவான்னு கேளுங்க. சீக்கிரம் கேளுங்கண்ணா. இந்தத் தடவை சரியாச் சொல்லிருவேன்.